வியாழக்கிழமை ஆறரை மணி

"இப்ப உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

கைபேசித் திரையில் மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால், ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் இல்லை என்றேன். நம்பவில்லையோ என்று நினைத்துக் கைபேசியைத் திருப்பிச் சுற்றிலும் காட்டினேன். கொடியில் யாரோ எடுக்க மறந்த பள்ளிச் சீருடை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரயில் பாதையின் கம்பிகள் தெரிந்தன. "நம்பாம கேக்கலைங்க. நீங்க பேசறது உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கணும், அதுக்குத்தான்" என்றார். பிறகு நான் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும், அவசரமென்றால் கூப்பிட ஓர் எண்ணையும் வாங்கிக்கொண்டார். தன் பதிவுச் சான்றிதழைத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். தன்னை டாக்டர் என்று கூப்பிட வேண்டாம், தான் மாத்திரை எழுதித் தருகிறவர் அல்லர், மாத்திரை தேவைப்படும் என்று தோன்றினால் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன் என்றார். என் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் சொன்னது வெளியே போகும், மற்றபடி போகாது என்றும் சொன்னார். இவ்வளவையும் ஒரு வங்கி ஊழியர் படிவத்தை விளக்குவது போல நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இப்ப சொல்லுங்க" என்றார். ஆவடிப் பக்கம் ஒரு மின்ரயில் ஊதிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவரும் காத்திருந்தார்.

அவரைத் தேடிப் பிடித்தது என் மனைவி. வீட்டிலிருந்தே ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவள் அவள். நான் உண்ணாததையும் உறங்காததையும் அவள் பல வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்னை அறியாமல் அவள் விரல்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஒருநாள் குழந்தை கையை உருவிக்கொண்டு, "அப்பா, அஞ்சுதான்பா" என்று அலுப்போடு சொன்னாள். சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி அதைக் கேட்டாள். மறுநாளே தெற்கே ஒரு ஊரிலிருந்து இணையம் வழியாகப் பேசும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் எனக்கு நேரம் வாங்கிவிட்டாள். "நேர்ல போக வேணாங்க. யாரும் பாக்க மாட்டாங்க. வியாழக்கிழமை ஆறரை மணி" என்றாள். அந்தக் கடைசி மூன்று சொற்களும் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக என் வாழ்க்கையின் நடுக்கம்பமாக நின்றன.

நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் மேற்பார்வையாளனாக இருந்தேன். தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி வாகன உதிரி பாகங்கள் செய்யும் இடம். விழுப்புரம் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்து, அங்கேயே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டியவன். எங்களிடம் இருந்ததிலேயே பழைய மெஷினில் ஒருவர் வேலை செய்தார். பாரிவாக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர் பதினெட்டு வயதில் தொழிற்பேட்டைக்கு வந்தவர். வயதில் சிறியவர், பெரியவர் எல்லாருமே அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். இருபது வருடத்துக்கு மேல் பிரஸ்ஸில் நின்றும் கையில் ஒரு கீறல் இல்லாதவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. புதிதாக வருகிறவர்களிடம் பத்து விரலையும் விரித்துக் காட்டி, "எண்ணிக்கோ" என்பார்.

அந்தக் கைகளில் வலது கையின் மூன்று விரல்கள் ஒரு பிற்பகலில் போயின.

இதைத்தான் முதல் சில வாரங்கள் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு, இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும், கை உள்ளே மாட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது என்று விளக்கினேன். அன்று ஒரு பொத்தான் அடைபட்டிருந்தது. அதனால் ஒரு கை தகட்டை வைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் இறங்கிவிட்டது. கவனக்குறைவு என்று அறிக்கை எழுதப்பட்டது. அதில் கையெழுத்து ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவருக்கு மறுபடி வேலை கிடைக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல மேடம் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் அனுதாபமும் தெரியாது, சந்தேகமும் தெரியாது. அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதில் நீலப் பூப்போட்ட திரைச்சீலை. எனக்கு மூச்சு முட்டும்போது காலை எங்கே ஊன்றியிருக்கிறேன் என்று கேட்பார். தரை சூடாக இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்பார். வெயில் இறங்கிய மொட்டை மாடித் தளத்தின் கதகதப்பைச் சொல்லிக்கொண்டே வந்தால் மூச்சு தானாகச் சீராகும். அதற்காகவே செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரப் பழகினேன். தூக்கம் கொஞ்சம் வந்தது. இவர் நல்லவர், இப்படியே சில மாதம் பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, அந்தப் பிற்பகலை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். முடித்ததும் "ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "நீங்க சொல்றதுல எல்லாமே தானா நடக்குது. பொத்தான் தானா அடைபட்டுச்சு. அறிக்கை தானா எழுதப்பட்டுச்சு. கையெழுத்து தானா ஆச்சு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொல்றீங்க. அந்தப் பொத்தானை யாரு அடைச்சாங்க?"

நெட் சரியில்லை மேடம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். உடம்பெல்லாம் கோபம். உதவி கேட்டு வந்தவனைப் போலீஸ் மாதிரி விசாரிக்க இவர் யார் என்று நினைத்தேன். அடுத்த வியாழன் வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். அதற்கடுத்த வியாழன் அதுகூட அனுப்பவில்லை. மனைவி கேட்டபோது இப்போது பரவாயில்லை, தேவைப்படவில்லை என்றேன். மேடத்திடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "வியாழக்கிழமை ஆறரை மணி உங்களுக்காக இருக்கு. வர்றதும் வராததும் உங்க விருப்பம்." அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அந்த வாரம் முழுக்க, ஷிப்ட் முடிந்து வண்டியை எடுக்கும்போதெல்லாம், அவர் கேட்ட கேள்விக்கு மனதுக்குள் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அந்த வாக்கியம் "நான்" என்று தொடங்கியது.

மூன்றாவது வியாழன் மாடிக்குப் போனேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நான்தான் அடைச்சேன்" என்றேன்.

அன்று சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. இரண்டு பொத்தானையும் அழுத்தினால் வேகம் வராது. ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி, இடப்பக்கத்துக்கு ஒன்று வலப்பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பொத்தான்களில் வலப்பக்கத்துப் பொத்தானில் செருகி, மேலே டேப் சுற்றியவன் நான். அண்ணாத்தே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வாணாம் சார், கை பூடும்" என்றார். "ரெண்டு மணி நேரம்தான், நான் இங்கேயே நிக்கிறேன்" என்றேன். நிற்கவில்லை. ஆபீசில் போன் வந்தது, போனேன். அலறல் கேட்டு ஓடிவந்தபோது எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். மெஷின் அருகே யாரும் இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்த முதல் காரியம், டேப்பைப் பிரித்து ரப்பர்த் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவர் உள்ளதைத்தான் சொன்னார்: சூப்பர்வைசர்தான் அடைத்தார் என்றார். நிர்வாகம் என்னைக் கேட்டது. எனக்குத் தெரியாது என்றேன். அப்படியென்றால் அவரே எதையோ வைத்து அடைத்துவிட்டு இப்போது பழியைத் திருப்புகிறார் என்று எழுதினார்கள். எழுதியதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

சொல்லி முடித்துத் திரையைப் பார்த்தேன். பரவாயில்லை என்பார் என்று காத்திருந்தேன். உங்கள் மேல் மட்டும் தப்பு இல்லை, மேலே இருந்து அழுத்தம் கொடுத்தார்கள் அல்லவா என்பார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நாளும் அந்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. மேடம் அதைச் சொல்லவில்லை. "இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்ல?" இல்லை என்றேன். "இவ்வளவு நாள் தனியாவே வெச்சிருந்திருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். நான் அழுதேன். மாடிப் படியில் யாரோ துணி எடுக்க ஏறி வந்தவர்கள் என் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கிப் போனது காதில் விழுந்தது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டேன். "அதை நான் சொன்னா, நாளைக்கு அது என் முடிவா ஆயிடும்" என்றார். அடுத்த இரண்டு மாதங்கள் நாங்கள் பேசியதெல்லாம் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பதைப் பற்றித்தான். வேலை போகும், வழக்கு வரும், மகள் பெரியவளானதும் தெரிந்துகொள்வாள். ஒவ்வொரு பயத்தையும் பாதியில் விடாமல் கடைசிவரை சொல்லவைத்தார். சட்டத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது, ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள் என்றார். மனைவியிடம் சொல்வதற்கு முன் அவரிடம் ஒத்திகை பார்த்தேன். மனைவி முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து போய்க் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, "அவரைப் போய்ப் பாருங்க" என்றாள். மேடத்திடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "போறது உங்க பாரத்தை இறக்கி வைக்கவா, இல்ல அவருக்கு ஏதாவது செய்யவா? பதில் எனக்குச் சொல்ல வேணாம். போறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

எனக்குத் தெரியாமலேதான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூந்தமல்லிச் சாலையிலிருந்து பாரிவாக்கத்துக்குள் திரும்பி, புதிய குடியிருப்புகளின் மதில்களை ஒட்டிப் போனால் அவர் தெரு. அவர் மனைவி அந்தக் குடியிருப்புகளில் ஒன்றில்தான் துப்புரவு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணாத்தே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவர் இளைய மகள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கதவருகே நின்றாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. நான்தான் அடைத்தேன், நான்தான் எடுத்து மறைத்தேன், நீங்கள் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாண்ட இன்னாத்துக்கு சார் சொல்ற?" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "எனுக்குத்தான் தெரியுமே. நீ அடைக்கறப்போ நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். தெரியாதவங்க கிட்ட போயி சொல்லு."

அவரே தொடர்ந்தார். "வெரலு போனதுக்கு நான் யாரையும் ஒண்ணும் சொல்லல. மெஷின்ல நிக்கறவனுக்கு அது தெரிஞ்சதுதான். ஆனா குடிச்சிட்டு மெஷின்ல கைய வுட்டான்னு பேசறாங்கோ சார். பெரிய பொண்ணு குட்த்த ஊட்ல பேசறாங்கோ. நான் பீடி கூட குடிக்காதவன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் இடது கையை லேசாக அசைத்தார். "அதெல்லாம் இப்ப கேக்காத. கேட்டா இன்னா சொல்றதுன்னு எனுக்குத் தெரியல."

அடுத்த வியாழன் நான் இதைச் சொல்லும்போது மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்ற அந்த வாக்கியத்தை மட்டும் மெதுவாகத் திரும்பச் சொன்னார். அந்த வாரமே வழக்கறிஞரைப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி நிர்வாகத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் கொடுத்தேன். ஒவ்வொரு வாக்கியமும் "நான்" என்றே தொடங்கும்படி எழுதினேன். அதன் பிறகு நடந்தவற்றை விரிவாகச் சொல்வதற்கில்லை. வேலை போனது. உடன் வேலை பார்த்தவர்களில் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஊரிலிருந்து வந்த என் அப்பா, ஊமையாக இருந்திருந்தால் என்ன என்று கேட்டார். விசாரணை நடந்தது. என் பங்குக்கான தண்டனை எனக்கு வந்தது. அந்த மாதங்கள் முழுவதும் வியாழக்கிழமை ஆறரை மணிக்கு அந்த நீலத் திரைச்சீலையின் முன் மேடம் இருந்தார். நான் செய்தது சரி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, குழந்தையோடு விளையாடினீர்களா என்று கேட்பார். அப்போது அது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பாராட்டு ஒன்று கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே நான் நின்றுவிட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் அண்ணாத்தே போன் செய்தார். அறிக்கை திருத்தப்பட்டிருந்தது. "லெட்டர் வந்துச்சி சார். சின்ன பொண்ணு படிச்சி காட்டிச்சி. ஜெராக்ஸ் எடுத்துகினு சம்பந்தி ஊட்டுக்கு போயி வந்தேன்" என்றார். "செரி, வெச்சிடறேன்" என்றார். வைத்துவிட்டார்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின் நாங்கள் முடித்துக்கொண்டோம். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு சிறிய கம்பெனியில் தர ஆய்வு வேலை கிடைத்திருந்தது. தூங்க முடிந்தது. மேடம் தானாக முடிவு செய்யவில்லை, என்னையே கேட்டார். போதும் என்று நினைக்கிறேன் என்றேன். உங்கள் ஊருக்கு வந்து ஒருமுறை நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்றபோது மெல்லச் சிரித்து, அது தேவையில்லை, இதுவே நேர்தான் என்றார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா, அந்த ஜன்னலுக்கு வெளியே தெருவா தோட்டமா, எதுவும் எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி என் தாய்க்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வருடம் பொங்கல் கழிந்து அண்ணாத்தேயின் இளைய மகள் என்னைப் போனில் கூப்பிட்டாள். அப்பா யாரோடும் பேசுவதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றாள். "இல்லாத வெரலு வலிக்குதுன்றாரு சார். டாக்டருங்க மருந்து குட்த்தாங்கோ, கேக்கல. நீங்க யாருகிட்டயோ பேசினீங்களாமே, உங்க ஊட்ல அக்கா எப்பவாச்சும் போன் பண்ணி விசாரிப்பாங்க, அவங்கதான் சொன்னாங்க. அந்த நம்பர் குடுங்க சார்."

ஒரு வருடத்துக்கும் மேலாக வாரம் தவறாமல் எனக்கென்று ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். விரலை இழந்தவர் எவரிடம் பேசினார் என்று ஒருநாளும், ஒரு வியாழக்கிழமைகூட, எனக்குத் தோன்றவில்லை.

மேடத்துக்கு எழுதினேன். அன்று மாலையே அழைத்தார். தன்னால் அவரோடு பேச முடியாது என்றார். "அவரை நான் உங்க வார்த்தையில தெரிஞ்சு வெச்சிருக்கேன். அவர் கதையை அவர் முதல்ல இருந்து சொல்லணும் இல்லையா? அதைப் புதுசா கேக்கற ஆள் ஒருத்தர் வேணும்." தனக்குத் தெரிந்த இன்னொரு ஆலோசகரின் எண்ணைத் தந்தார். வலிக்கு ஒரு நரம்பு மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்றார். வைப்பதற்கு முன், "நீங்க தூங்கறீங்களா?" என்று கேட்டார்.

அண்ணாத்தே எளிதில் சம்மதிக்கவில்லை. அவர் வீடு ஒற்றை அறை. மனைவி, மகள் காதில் விழப் பேச மாட்டேன் என்றார். அதனால் சனிக்கிழமை காலைகளில் என் பழைய காரை எடுத்துக்கொண்டு போகிறேன். பாரிவாக்கம் ஏரிக்கரையோரம் ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்துவேன். முதல் நாள் கைபேசியை முன்னால் சாய்த்து வைத்து, அழைப்பு வந்தால் எதைத் தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் சீட்டில் நிமிர்ந்து, பஸ்ஸில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் பேசறது இதுல?"

"எது வேணா பேசலாம் அண்ணாத்தே."

கொஞ்சம் யோசித்தார். "உன்னப் பத்தியும் பேசுவேன்."

"பேசுங்க" என்றேன்.

கைபேசி அடித்தது. அவர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். அவர் குரல் கேட்காத தூரம் எது என்று தெரியாமல் கரையின் மேல் நடந்துகொண்டே இருந்தேன்.